'வெவ' குளமாகவே திரைக்கு வர வேண்டும்

சிறுபோகம் என்னும் சிறிய நெற்போகம் தொடங்குமுன், இலங்கையின் வடக்கே வன்னியின் பெரிய குளங்களுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர் சிங்களத்தில் கதைத்தால், பக்கத்தில் நிற்பவர் ஐந்து நிமிடப் பேச்சை இரண்டு வசனத்தில் தமிழாக்கிவிட்டு அமர்ந்துவிடுவார். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் கடைசி வரிசைக் கதிரையில் இருக்கும் கமக்காரருக்கு இன்றும் கிடைப்பது அந்த இரண்டு வசனம்தான். ஷெல் சத்தத்தில் காது மந்தமானவருக்கு அதுவும் இல்லை.

பேசப் பேச மொழிபெயர்த்துத் திரையில் எழுத்தாகக் காட்டும் முறை இந்த இடத்துக்கு மிகவும் தேவையானது என்று நினைக்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறும் என்று தெரிந்தால்தான் அதைச் சரியாகப் பாவிக்க முடியும்.

முதல் வேலை காதின் வேலை. ஒலிவாங்கியில் விழும் குரலைக் கணினி எண்களாக அளக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்தால், ஒரு விநாடிக்கு 16,000 தடவை அளந்த ஒலியை அது வாங்குகிறது. அதை 25 மில்லிவிநாடித் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு படம்போல ஆக்கிக்கொள்கிறது. அந்தப் படத்திலிருந்து சொற்களை ஊகிக்கிறது. ஊகம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: முன்பு கேட்டுப் பழகிய பேச்சுக்கு எது பொருந்துமோ அதைத்தான் அது எழுதும். மண்டபம் அமைதியாக இருக்கும்போதுகூடச் சில வேளை யாரும் சொல்லாத வசனத்தை எழுதிவிடும். அதனால் குரல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு சிறு மென்பொருளை அதற்கு முன்னால் வைப்பார்கள்.

விஸ்பர் பழகியது 680,000 மணி நேர ஒலியில். பெரும்பகுதி ஆங்கிலம். மற்ற 96 மொழிகளுக்கும் சேர்த்து 117,000 மணி நேரம்தான். அதற்குள்ளேதான் தமிழும் சிங்களமும் இடம் தேட வேண்டும். தகரக் கூரை எதிரொலியும் ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்தால் ஊகம் இன்னும் தடுமாறும். பேசுபவரின் ஒலிவாங்கியிலிருந்து, அதாவது ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து, நேராக ஒரு வயரைக் கணினிக்கு இழுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். கணினியை மேசையில் வைத்து மண்டபத்துச் சத்தத்தைக் கேட்க விடுவது வீண்.

இரண்டாவது வேலை மொழிபெயர்ப்பு. இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழைப் போலவே சிங்களத்திலும் வினை வசனத்தின் கடைசியில் வரும். எனவே சொற்களைப் பெரும்பாலும் அதே வரிசையில் கொண்டுபோகலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் அப்படி முடியாது. 'நாளைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைத் திறக்க' என்பது வரை கேட்ட இயந்திரத்துக்கு, அடுத்து வருவது 'மாட்டோம்' என்பதா 'போகிறோம்' என்பதா என்று தெரியாது. ஆங்கிலமோ அதை முன்னாலேயே சொல்லச் சொல்கிறது.

அவசரப்படும் மென்பொருள் ஏதோ ஒன்றை ஊகித்து எழுதி, பிறகு மாற்றும். திரையில் எழுத்து துடித்துத் துடித்து மாறுவது இதனால்தான். ஆனால் முதல் வரியை வாசித்தவர் அதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம் 'திறக்கப் போகினமாம்' என்று சொல்லியிருப்பார். அதனால் வசனம் முடியும்வரை சில விநாடி பொறுத்துக் காட்டும்படி அமைப்பதுதான் சரி. தண்ணீர் விஷயத்தில் வேகத்தைவிடச் சரியாக இருப்பதே முக்கியம்.

அப்புறம் வருகிறது மிகப் பெரிய பிரச்சினை. சிங்களத்திலிருந்து தமிழுக்கு நேராகப் போகாமல், நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுப் போகும் அமைப்புகள் உண்டு. விஸ்பர் தானாக மொழிபெயர்ப்பதும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். சிங்களத்தில் குளத்துக்கு 'வெவ' என்பார்கள், நுவரவெவ என்பதில் வருவது அதுதான். இலங்கை ஆங்கிலத்தில் அது 'டாங்க்'. அங்கிருந்து தமிழுக்கு வரும்போது 'தொட்டி' ஆகிவிடலாம். ஆனையிறவு என்ற ஊர்ப் பெயர் 'எலிபன்ட் பாஸ்' ஆகி, பிறகு யானைக் கணவாயாகத் திரும்பலாம். தமிழில் ஒருவர் எழுந்து 'வான் கதவு' என்றால், வன்னியில் எல்லோருக்கும் மேலதிக நீர் வெளியேறும் கதவு என்று விளங்கும். இயந்திரத்துக்கு வான் என்றால் ஆகாயம்.

இதற்கு மருந்து ஒரு சொற்பட்டியல். பல அமைப்புகளில் கூட்டத்துக்கு முன்னரே 'இந்தச் சொல் வந்தால் இப்படி எழுது' என்று கொடுத்துவிட முடியும். வெவ என்றால் குளம், மஹா என்றால் காலபோகம் (பெரும்போகம்), யல என்றால் சிறுபோகம் என்று தொடங்கி, துருசு (மதகு), குளக்கட்டு, வான், வாய்க்கால், ஊர்ப் பெயர்கள் என்று ஐம்பது அறுபது சொல் சேர்த்தாலே திரை நம்முடைய திரையாகிவிடும். அந்தப் பட்டியலைக் கொழும்பில் இருந்து எழுத முடியாது. கமக்காரர் அமைப்பில் நெடுங்காலம் இருந்த ஒருவரையும் நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஒருவரையும் ஒரு பின்னேரம் சேர்த்து இருத்தினால் போதும். இரு மொழியும் தெரிந்த ஒருவர் கூட்டத்தன்று கணினிக்குப் பக்கத்தில் இருந்து திகதிகளையும் ஏக்கர் கணக்கையும் பார்த்துத் திருத்தவும் வேண்டும்.

கடைசி வேலை எழுத்தைக் காட்டுவது. ஒரே நேரத்தில் இரண்டு வரி போதும், பெரிய எழுத்தில், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலத்துக்கு வைத்த அளவு பொருந்தாது. கணினிக்குள் 'கொ' என்பது க, ொ என்று இரண்டு குறியீடு. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. பழைய மென்பொருள் சில இதைச் செய்யாது. அதனால் ஆட்கள் வருமுன் கொக்கிளாய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்று மூன்று பெயரைத் திரையில் எழுதி, கடைசி வரிசையில் போய் இருந்து வாசித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறியோ புள்ளி வட்டத்தோடோ நின்றால் எழுத்துருவையோ மென்பொருளையோ அப்போதே மாற்றிவிடலாம்.