வாளியில் மாட்டிய தாழி

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பிலிருந்து அழைப்பு வந்தது. பட்டுப்போன மரங்களை ஜேசிபியால் பிடுங்கும்போது பெரிய பானை ஒன்று வாளியில் மாட்டியதாம். பழங்காலத்தில் இறந்தவர்களை அடக்கிய முதுமக்கள் தாழி அது. நான் போய்ச் சேர்வதற்குள் தாழியை வெளியே தூக்கி, உள்ளிருந்த மண்ணைக் கொட்டி, புதையல் தேடி முடித்திருந்தார்கள். செம்மண் குவியலில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் எலும்புத் துண்டுகளும் கலந்து கிடந்தன. எந்த எலும்பு எந்தக் கலயத்தின் அருகே இருந்தது, மேலா அடியிலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அகழாய்வாளனுக்கு அந்த விவரம்தான் புதையல்.

"சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்த கிழவர்களை உயிரோடு உள்ளே உட்கார வைத்து மூடிவிடுவார்களாம் ஐயா" என்றார் அங்கிருந்த பெரியவர். இந்தக் கதையைக் கேட்காத ஊர் இல்லை. நம் முன்னோர்மீது இப்படி ஒரு பழி கிடப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. பல இடங்களில் தாழிக்குள் கிடைப்பவை முழு உடல்களே அல்ல. வேறெங்கோ கிடத்திய உடலின் சதை போன பிறகு பொறுக்கி எடுத்து வைத்த எலும்புகள். ஒரே கல்லறைக்குள் பலருடைய எலும்புகள் சேர்ந்து இருப்பதும் உண்டு. கூடவே கிண்ணம், இரும்புக் கருவி, சூதுபவள மணி. இறந்தவரை இரண்டாம் முறையும் தேடி வந்து, தம்மவரோடு சேர்த்து அடக்கியவர்கள் அவர்கள். இதை எலும்பு கிடந்த நிலைதான் சொல்கிறது.

புதுச்சேரியை அடுத்த சுத்துக்கேணியில் பிரெஞ்சு ஆய்வாளர் கசால் இத்தகைய ஈமக்குழிகளைத் தோண்டி, 1956இல் விரிவாக வெளியிட்டார். அவர் பதிந்து வைத்ததால் இன்றும் நாம் படிக்க முடிகிறது.

தாழி கிடைத்ததை அரசிடம் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சம்தான்: நிலம் போய்விடுமோ? தகவல் சொன்ன மறுநாளே யாரும் வேலி போட்டுவிட முடியாது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த தொல்லிடமாக அறிவிப்பதற்கே 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். ஆனால் மண்ணில் கிடைத்த புதையலை மறைப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே குற்றம்.

ஆகவே தாழியின் வாய் தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ மண்வெட்டியோ வைத்துப் படம் எடுங்கள். கழுவ வேண்டாம், உள்ளே கை விட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

அன்று பத்தடி தள்ளி இன்னொரு தாழியின் விளிம்பு தெரிந்தது. தோப்புக்காரரே அதை மண் போட்டு மூடி, சுற்றி முள்ளை வெட்டிப் போட்டார்.