லிங்கனோட அம்மாவைப் பெத்தது யாரு?

1800கள்ல அமெரிக்கக் காட்டை வெட்டி குடியேறுன ஒருத்தரோட வம்சத்தை தேடணும்னா ஆம்பளைங்க வழி ஓரளவு சுலபம், ஏன்னா நிலப்பத்திரம், வரிக்கணக்கு, கோர்ட் கேஸ் எல்லாத்துலயும் அவங்க பேருதான் இருக்கும், குடும்பப்பேரும் மாறாது. ஆபிரகாம் லிங்கனோட அப்பா தாமஸ் லிங்கன் 1816ல கென்டக்கிய விட்டு இண்டியானா காட்டுக்கு குடும்பத்தோட போனவர். அவரோட முன்னோர் சாமுவேல் லிங்கன் 1637ல இங்கிலாந்துல இருந்து மாசசூசெட்ஸ் வந்தது வரைக்கும் பேப்பரை வச்சே போயிரலாம்.

தாமஸோட மனைவி நான்சி ஹேங்க்ஸ் கிட்டதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நின்னாங்க. 1850க்கு முன்னாடி எடுத்த சென்சஸ் தாளை பாத்தீங்கன்னா வீட்டுக்கு ஒரே வரி, முதல்ல குடும்பத்தலைவர் பேரு, அப்புறம் கட்டம் கட்டமா இந்த வயசுல ஆம்பளை இத்தனை பொம்பளை இத்தனைன்னு வெறும் நம்பர். நான்சி 1818லயே இறந்துட்டாங்க, விஷச்செடிய தின்ன மாட்டோட பாலைக் குடிச்சா வர்ற நோய். 1859ல மகன் எழுதுன சுயகுறிப்புல கூட அம்மா ஹேங்க்ஸ் குடும்பம்ங்கறதுக்கு மேல பெருசா எதுவும் இல்ல.

அதனால ரெண்டு கட்சி ஆயிருச்சு. ஜோசப் ஹேங்க்ஸ், ஆன் லீ தம்பதியோட மக லூசிக்கு கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவங்கதான் நான்சின்னு ஒரு கட்சி, இல்ல நான்சியோட அம்மா ஷிப்லி குடும்பத்துப் பொண்ணுன்னு இன்னொரு கட்சி.

இதை தீர்த்தது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. நம்ம செல்லோட உட்கருவுல இருக்கற டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலயும் அழிச்சுப் பண்ற நகை மாதிரி, அப்பா பாதி அம்மா பாதின்னு கலந்து புதுசா வரும். உட்கருவுக்கு வெளியே செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற 16,569 டிஎன்ஏ எழுத்து மட்டும் பாட்டி போட்ட வளையலை அப்படியே பேத்தி கையில மாட்டுற மாதிரி அம்மா வழியா வந்துரும், எப்பவாவது ஒரு எழுத்து மாறும். பையனுக்கும் கிடைக்கும், ஆனா அவன் பிள்ளைங்களுக்கு போகாது.

இங்கதான் எனக்கு மனசு கனத்துப் போச்சு. நான்சியோட ஒரே மக சாரா 1828ல பிரசவத்துல இறந்துட்டா, குழந்தையும் தங்கல, அதோட நான்சி வழி வளையல் நின்னு போச்சு. அதனால ஒரு படி மேல ஏறி லூசியோட மத்த பொண்ணுங்க, ஆன் லீயோட மத்த பொண்ணுங்க, இவங்க எல்லாரோட மகள், மகளோட மகள்னு பதிவேடு பதிவேடா தேடி இப்ப உயிரோட இருக்கற வாரிசுங்களை கண்டுபிடிச்சு டெஸ்ட் பண்ணாங்க. 2015ல ரிசல்ட் வந்துச்சு, எக்ஸ்1சிங்கற ரொம்ப அரிதான தாய்வழிப் பிரிவு, லூசி வழி, ஆன் லீ வழி ரெண்டும் ஒத்துப்போச்சு, ஷிப்லி வழி ஒத்துப்போகல. அரிதான பிரிவா இருந்தது பெரிய பலம், ஊர்ல பாதிப்பேருக்கு இருக்கற பிரிவா இருந்திருந்தா தற்செயலா பொருந்தியிருக்கலாம்னு சொல்லியிருப்பாங்க. நான்சியைப் பெத்தது லூசியா, லூசியோட அக்கா தங்கச்சியான்னு மட்டும் டிஎன்ஏ பிரிச்சு சொல்லாது, அதுக்கு பழைய பேப்பர்தான் வேணும்.

நான்சியோட அப்பா யாருங்கறதுக்கு இந்த டெஸ்ட்ல பதில் இல்ல. அதுக்கு நான்சியோட சொந்த வாரிசு யாராவது வேணும், ஆனா லிங்கனோட நேரடி வாரிசுல கடைசியா இருந்தவரும் 1985ல இறந்துட்டார்.