கோழிக்குஞ்சு வயிற்றில் கொண்டுவரும் கட்டுச்சோறு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐப்பசி அடைமழையில் கோழி பொரித்தது. மற்றக் குஞ்செல்லாம் ஓடுது, ஒன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு றெக்கையைத் தொங்கப் போட்டு நிற்குது. பால் ஊற்றினேன், நொய் ஊட்டினேன், கேட்கவில்லை. மாமியார் கண்ணேறு என்கிறார். என்ன செய்யலாம்?"

முதலில் பாலை நிறுத்துங்கள். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்கு இல்லாத குறை. பால் கொடுத்தால் கழிச்சல்தான் மிச்சம். நொய் ஊட்டுவதையும் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். குஞ்சைக் கையில் எடுத்து அதன் காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அதற்கு இப்போது வேண்டியது இரையல்ல, சூடு.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். பொரித்த குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அந்த வெப்பத்தையும் அதனால் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. உடல் சிறிது என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். மேலே இருக்கும் பஞ்சுமயிர் நனைந்துவிட்டால் இருந்தும் இல்லாததுபோலத்தான். இறகு முளைக்கும்வரை, இரண்டு மூன்று வாரத்துக்கு, தாயின் அடிவயிறுதான் அதற்கு அடுப்பு. உடல் குளிர்ந்தால் குடலும் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் ஊட்டிய நொய் தொண்டைக்குக் கீழே உள்ள பையிலேயே தங்கிப் புளிக்கும். அதனால் முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி.

"அதுவரை பட்டினி கிடந்தால் தாங்குமா?" என்று கேட்பீர்கள். பொரித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால் தாங்கும். ஏனென்றால் குஞ்சு வயிற்றுக்குள்ளேயே கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் தீராத வியப்பு.

முட்டை பொரிய 21 நாள். அதில் பெரும்பகுதி நாள்களும் மஞ்சள் கரு குஞ்சின் உடலுக்கு வெளியேதான் இருக்கும். அதைச் சுற்றி ஒரு சவ்வுப்பை, பை முழுக்க ரத்தக் குழாய்கள், தொப்புள் வழியாக உடலோடு இணைப்பு. 19ஆம் நாள் வாக்கில் மீதமிருக்கும் கருவைப் பையோடு சேர்த்துக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது! பிறகு தொப்புள் மூடிக்கொள்கிறது. ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், இந்த மஞ்சள் கருதான். அதிலுள்ள கொழுப்பு இரண்டு வழியாக உடம்பில் சேர்கிறது. ஒன்று, பையின் சுவர் வழியாக நேரே ரத்தத்துக்கு. இன்னொன்று, பையையும் சிறுகுடலையும் இணைக்கும் மெல்லிய காம்பு வழியாகக் குடலுக்கு.

வீட்டில் கோழி அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலை நீட்டிப் பாருங்கள். சிறுகுடலின் நடுவாக்கில் நெல்மணி அளவுக்கு ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் காம்பின் மிச்சம்தான் அது.

இந்த ஏற்பாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே அடையில் வைத்த முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. கடைசிக் குஞ்சு வரும்வரை தாய் எழுந்திருக்காது, முந்திப் பிறந்தவை காத்திருக்க வேண்டும். பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாள் குஞ்சுகள் அட்டைப்பெட்டிக்குள் தீனி இல்லாமலே டெல்டாவுக்கு வந்துசேர முடிவதும் இதனால்தான். அதற்காகத் தெம்பான குஞ்சைப் பட்டினி போட வேண்டாம். சீக்கிரம் கொத்தித் தின்னும் குஞ்சு உள்ளிருக்கும் கருவையும் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்கிறது.

அந்தக் கருவில் சோறு மட்டும் இல்லை, மருந்தும் இருக்கிறது. தாய்க்கோழி எதிர்த்து நின்ற நோய்களுக்கான எதிர்ப்புப் புரதங்கள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வருகின்றன. ஃபெலிக்ஸ் கிளெம்பரர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1893இலேயே இதைக் காட்டிவிட்டார். "அந்தப் பெட்டையின் குஞ்சு மட்டும் தங்கும்" என்று ஊரில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பது இதனால்தான்.

இதே கரு எமனாகவும் ஆகலாம். தொப்புள் சரியாக மூடாத குஞ்சு ஈர வைக்கோலில் கிடந்தால் கிருமி உள்ளே போகும். வெதுவெதுப்பான மஞ்சள் கருவைவிடக் கிருமிக்கு நல்ல விளைநிலம் வேறு இல்லை. குஞ்சை மல்லாத்திப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருந்தால் நம்பிக்கை உண்டு. ஈரமாக, கறுத்து, நாற்றமடித்து, வயிறு கொழகொழவென்று உப்பியிருந்தால் பெரும்பாலும் பிழைக்காது. தொப்புளில் நூல்போல ஏதாவது தொங்கினால் எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். எச்சம் ஒட்டுவது அதற்குக் கீழே, ஆசனவாயில். அதையும் வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடை வைக்கும்போது இடிக்குப் பயந்து கூடையில் இரும்பும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போடுவது நம் பக்கத்து வழக்கம். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் கூமுட்டைக்கு இடியையும் செத்த குஞ்சுக்குக் கண்ணேறையும் குற்றம் சொல்லிவிட்டு, கூடைக்கடியில் ஊறிக்கிடக்கும் வைக்கோலை அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்கு ஆத்திரம். ரைஸ்மில்லில் காய்ந்த உமி வாங்கிப் பரப்பி மேலே சாக்கு விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி அகண்டுவிடும்.

சூட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டியும் 60 வாட் குண்டு பல்பும் போதும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் கட்டுங்கள், சூடு அதிகமானால் குஞ்சு தள்ளிப்போக இடம் வேண்டும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி இருந்தால் சரி. பல்புக்கடியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர், வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். புயல் மழையில் கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

கால் சூடேறிக் கண் திறந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து, அலகு நுனியை மட்டும் அதில் தொட்டுவிடுங்கள். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. குஞ்சின் நாக்குக்குப் பின்னால் சின்னக் கீறல்போலத் தெரிவது மூச்சுக்குழாயின் வாசல். ஊற்றிய தண்ணீர் நேரே அதற்குள் போய்விடும். தானாகக் குடித்த பிறகு நொய்யோ அவித்த முட்டையின் மஞ்சளோ உதிர்த்துப் போடுங்கள். தேறிவிட்டால் இருட்டிய பிறகு தாயின் அடியில் விடுங்கள். பகலில் விட்டால் சில கோழிகள் கொத்தும்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. தாய் தந்த எதிர்ப்பு சில வாரத்தில் கரைந்துவிடும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்துக் குப்பி பண்ணைக் கணக்கில் வருகிறது, எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்கு மீதியெல்லாம் வீண். தீவனத்தோடு கொடுக்கும் குறுணைத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. வெயிலைத் தாங்கும் ஐ-2 வகை மருந்து ஆஸ்திரேலியாவில் உருவாகி, கிராமத்துக் கோழிகளுக்கென்றே பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஆராய்ச்சிப் பணம் பெரும்பண்ணைகளுக்கே போகாமல் இந்தப் பக்கமும் தாராளமாக வர வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வையுங்கள். ஒரு குப்பியை ஐஸில் வைத்து எடுத்துவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் விட்டுவிடலாம்.