ஃபென்சிங்: வேலியா, அரணா?

'கம்பி வேலி, ஃபென்சிங் வேலைகள் செய்து தரப்படும்' என்று ஒரே பலகையில் இரண்டையும் எழுதியிருப்பதை நெடுஞ்சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தால் கம்பி வேலி, வலை கட்டினால் ஃபென்சிங் என்பது கடைக்காரர் கணக்கு. சரி, இருக்கட்டும். இதே சொல் 'எல்லையில் ஃபென்சிங்' என்று செய்திக்குள் வரும்போதுதான் சிக்கல். தமிழில் இதை எல்லை வேலி என்கிறோம், எல்லைச் சுவர் என்கிறோம், உணர்ச்சி மிகுந்தால் இரும்பு அரண் என்றும் எழுதிவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

முதலில் ஆங்கிலச் சொல். ஃபென்ஸ் என்பது டிஃபென்ஸ் என்பதன் முன்னெழுத்து உதிர்ந்த வடிவம். மூலம் லத்தீன் மொழியின் டிஃபெண்டெரே. அடித்து விலக்குதல் என்று பொருள். வாள்வீச்சு விளையாட்டுக்கும் ஃபென்சிங் என்றே பெயர் வந்தது இதனால்தான். எதிராளியின் வாளைத் தட்டி விலக்கித் தற்காத்துக்கொள்ளும் கலை அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னையின் பவானி தேவி ஆடியதும், பக்கத்துத் தோட்டக்காரர் காட்டுப்பன்றிக்குப் பயந்து போடுவதும் பிறப்பால் ஒரே சொல். ஆக, ஆங்கிலக்காரர் காதில் வேலி என்றாலே அதற்குள் 'தற்காப்பு' ஒளிந்திருக்கிறது.

தமிழ் வேலியின் குணம் வேறு. கன்னடத்தில் பேலி, மலையாளத்தில் வேலி என்று உறவுக்காரர்கள் உள்ள பழைய திராவிடச் சொல் இது. அடைப்பைக் குறித்த சொல் அடைபட்ட நிலத்துக்கும் ஆகி, தஞ்சைப் பக்கம் நில அளவையாகவே நின்றுவிட்டது. இருபது மா ஒரு வேலி, ஏறத்தாழ ஆறரை ஏக்கர். மழையில் நனையாமல் நெல்லைக் காக்க இறைவனே வேலியிட்டதாகத் திருநெல்வேலிக்குப் பெயர்க்கதை இருக்கிறது. 'வேலியே பயிரை மேய்ந்தால்' என்ற பழமொழியும் இருக்கிறது. வேலியைக் காவல்காரனாகவே பார்த்த மொழி, அவனை முழுசாக நம்பவும் இல்லை!

வேலியோடு சேரும் வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். வேலி கட்டுவோம், போடுவோம், அடைப்போம். யாழ்ப்பாணத்தில் கதியால் என்னும் வேலிக்கொம்பை நட்டு, கிடுகு என்னும் முடைந்த தென்னோலையோ பனையோலையோ கட்டி வேலி அடைப்பார்கள். ஓலை மக்கும், கறையான் அரிக்கும். மறுபடி அடைக்க வேண்டும். இரவோடு இரவாகக் கதியாலைச் சாண் அளவு தள்ளி நட்டதாகச் சொல்லி இரண்டு வீட்டுக்காரர் தலைமுறைக்கும் பேசாமல் இருப்பதும் அந்த ஊர் வழக்கம்தான். தமிழில் வேலி ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளே இல்லை. அது திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. கூடவே ஒரு வழக்கு.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே உள்ள டூரண்ட் கோட்டுக்குப் போவோம். 1893இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மார்ட்டிமர் டூரண்டும் ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானும் காபூலில் ஒப்புக்கொண்ட கோடு அது. நீளம் 2,600 கிலோமீட்டருக்கும் மேல். பஷ்தூன் குடிகளின் ஊடாகப் போகிறது. மொமந்து, வசீர், சின்வாரி என்று ஒரே குடியினர் இருபக்கமும் இருக்கிறார்கள். பாகிஸ்தான் இதைப் பன்னாட்டு எல்லை என்கிறது. காபூலில் எந்த ஆட்சி வந்தாலும் அப்படி ஏற்பதில்லை. அங்கே இதற்குக் 'கற்பனைக் கோடு' என்றே பெயர். கதியால் வழக்கு இங்கேயும் உண்டு, நாடு அளவுக்குப் பெரியதாக.

பாகிஸ்தான் 2017இல் இங்கே வேலி போடத் தொடங்கியது. ஆயுதக் குழுக்கள், முக்கியமாகப் பாகிஸ்தான் தாலிபான், மலை தாண்டி வந்து தாக்கிவிட்டுத் திரும்பிப் போவதைத் தடுப்பதுதான் நோக்கம். வேலி இரட்டை வரிசை. பாகிஸ்தான் பக்கம் சுமார் 11 அடி, ஆப்கானிஸ்தான் பக்கம் சுமார் 13 அடி உயரம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சுருள் முள்கம்பி. இடையிடையே கோட்டைகள், காவல் சாவடிகள், கேமராக்கள். 2022 வாக்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் முடிந்துவிட்டதாகப் பாகிஸ்தான் ராணுவம் சொன்னது.

மலையில் வேலி போடுவது சமவெளி வேலையைப் போன்றதல்ல. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால், 45 பாகைச் சரிவில் அது தரையில் 1.4 கிலோமீட்டர். கம்பி, கம்பம், சிமென்ட், தண்ணீர் எல்லாவற்றையும் சாலை முடியும் இடத்திலிருந்து கோவேறு கழுதையோ ஆளோ சுமக்க வேண்டும். பாறையில் குழி தோண்ட முடியாது, துளைதான் போட வேண்டும். ஓடை குறுக்கிட்டால் இன்னும் மோசம். ஓடையின் மேல் வேலியை இழுத்துக் கட்டினால் கீழே ஆள் நுழைய வழி இருக்கும். ஓடைக்குள்ளேயே இறக்கிக் கட்டினால் முதல் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்.

இதையெல்லாம் பணத்தால் ஒருவழியாகச் சமாளிக்கலாம். பார்வையை என்ன செய்வது? படைவட்டாரத்தில் ஒரு பாலபாடம் உண்டு: கண்ணும் துப்பாக்கியும் எட்டாத தடை, தடையே இல்லை. கம்பியை வெட்டச் சில நிமிடம் போதும். ஏணி வைத்து ஏறவும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும், ஆள் வந்து சேர வேண்டும். சமவெளியில் ஒரு கோபுரத்திலிருந்து வெகுதூரம் தெரியும். மலையிலோ சாவடிக்கு அடியிலேயே, வளைவுக்கு அந்தப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேமராவும் குருடு. வேலி நீளும்போதெல்லாம் சாவடியும் ஆளும் கூடிக்கொண்டே போகவேண்டிய காரணம் இதுதான். வேலி போட்டால் காவலுக்கு ஆள் குறையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் மலையில் வேலி பார்க்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நமக்குப் பக்கத்தில் உள்ள சான்று காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோடு. அது முறைப்படி பன்னாட்டு எல்லை ஆகாது என்பது வேறு விஷயம். சுமார் 740 கிலோமீட்டர் கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீட்டருக்கு இந்தியா வேலி போட்டிருக்கிறது. பாகிஸ்தான் பக்கத்துக் குண்டுவீச்சால் வேலை தடைபட்டுக்கொண்டே இருந்தது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் வேகம் பிடித்து 2004இல் முடிந்தது. அதற்குப் பின் ஊடுருவல் குறைந்தது உண்மை. ஆனால் அதில் வேலியின் பங்கு எவ்வளவு, போர்நிறுத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அப்புறம் பனி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனியும் பனிச்சரிவும் வேலியின் நீண்ட பகுதிகளைச் சாய்த்துப் புதைத்துவிடும். கோடையில் வீரர்கள் ஏறிப் போய் மறுபடி கட்டுவார்கள். ஆண்டுதோறும் ஓலை மாற்றுகிற அதே கதை, பத்தாயிரம் அடி உயரத்தில்.

இந்த வேலிக்கு இந்திய ராணுவம் வைத்திருக்கும் பெயரிலும் 'வேலி' கிடையாது. 'ஊடுருவல் தடுப்புத் தடை அமைப்பு' என்று தமிழில் சொல்லலாம். கட்டியவர்களே அதைத் தடை என்றுதான் சொல்கிறார்கள், காப்பு என்று சொல்லவில்லை. இடையில் வரும் ஊடுருவல் நல்ல தமிழ். ஊடு என்றால் நடு, உள்ளே. உருவுதல் என்றால் துளைத்து அப்பால் போதல். அம்பு ஊடுருவும் என்று பழைய இலக்கியம் பேசும். ஆங்கிலத்தின் இன்ஃபில்ட்ரேஷனோ வடிகட்டியின் வழியே கசிவதிலிருந்து பிறந்தது. மலையில் நடப்பது அம்பை விடக் கசிவுக்குத்தான் நெருக்கம். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இனி அரண். வள்ளுவர் நீர், மண், மலை, காடு நான்கையும் அரண் என்கிறார். அவர் கணக்கில் மலையே அரண். அதன்மேல் இன்னொன்று கட்டும் பேச்சு அந்தக் குறளில் இல்லை. அடுத்து ஓர் அளவுகோலும் தருகிறார்: 'சிறுகாப்பின் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்.' காக்க வேண்டிய இடம் சிறிதாக, உள்ளிடம் பெரிதாக, வரும் பகையின் ஊக்கத்தைக் கெடுப்பதாக இருக்க வேண்டும். 2,600 கிலோமீட்டரும் காக்க வேண்டிய இடமாக இருக்கிற ஒன்றை அரண் என்று எழுதுவது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம். ஊக்கம் கெட்டதா என்று பார்த்தால், 2021 ஆகஸ்டில் காபூல் நகரம் ஆப்கானிஸ்தான் தாலிபானின் கைக்கு வந்த பிறகு பாகிஸ்தானுக்குள் தாக்குதல்கள் கூடின. வேலி ஏறக்குறைய முடிந்திருந்த நேரம் அது. அந்த டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணப் பக்கம் தாலிபான் வீரர்கள் முள்கம்பிச் சுருள்களை அள்ளிக்கொண்டு போன காணொளியும் வந்தது.

படைக்கு முள் கட்டுவதற்கும் தமிழில் பழைய சொல் உண்டு. முல்லைப்பாட்டில் காட்டில் இறங்கிய படை தன் பாசறையைச் சுற்றி 'இடுமுட் புரிசை' வளைக்கிறது. வெட்டிப் போட்ட முள்ளாலான மதில். அது தங்கியிருக்கும் வரைக்கும்தான், அதற்குள்ளும் இரவெல்லாம் காவலர் இருக்கிறார்கள்.

எனவே என் பரிந்துரை: எல்லையில் போடும் ஃபென்சிங்குக்கு எல்லை வேலி போதும், போடும் வேலைக்கு வேலியடைப்பு. பார்பட் வயர் முள்கம்பி. மடக்கி விரிக்கும் கான்செர்டினா இசைக்கருவியின் பெயரைத் தாங்கிய கம்பிக்குச் சுருள்முள் என்றால் யாருக்கும் புரியும். சுவர், அரண் இரண்டையும் இங்கே விட்டுவிடலாம்.

ஒரு சொல் பாக்கி. வேலியில் ஆள் கடக்க விடும் திறப்பு கடவை. கடவு என்றால் வழி. மலை தானாக விட்டிருக்கும் வழியைக் கணவாய் என்கிறோம், கைபர் கணவாய் போல. ஈழத் தமிழில் பிறநாடு போகும் ஆவணத்துக்குக் கடவுச்சீட்டு என்று பெயர் வைத்தவர் வேலியை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். டூரண்ட் கோட்டை ஒட்டிய சமன் என்ற பாகிஸ்தான் ஊரில் மக்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 2023இன் இறுதியில் இனிமேல் கடவுச்சீட்டு வேண்டும் என்று பாகிஸ்தான் உத்தரவிட்டதும், அந்த ஊர்க்காரர்கள் பல மாதங்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள்.