அம்மாவுக்கு ஒரு டப்பா குக்கீ: மேல் பூச்சைக் கவனியுங்கள்

பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், அன்னையர் தினம் என்று ஏதாவது ஒரு சாக்கில் வீட்டிலேயே சுகர் குக்கீ சுட்டு, மேலே ஐசிங்கில் எழுதி அம்மா அப்பாவுக்குக் கொடுப்பது இப்போது நன்றாகவே பரவிவிட்டது. வீடியோ பார்த்து ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டும் விடலாம். ஆனால் சாப்பிடப்போகிறவருக்கு வயது அறுபதோ எழுபதோ. சர்க்கரை நோய் இருக்கலாம், பல்செட் இருக்கலாம், முட்டையே தொடாதவராகவும் இருக்கலாம். இதில் வம்பு பெரும்பாலும் மாவில் வருவதில்லை, மேலே பூசுவதில் வருகிறது.

மாவை முதலில் முடித்துவிடுவோம். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 1 (வேண்டாதவர்களுக்குப் பால் 3 மேசைக்கரண்டி), மைதா 380 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன். வெண்ணெயும் சர்க்கரையும் ஒன்றாகக் கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பது போல் நுரைக்க அடித்தால் உள்ளே ஏறிய காற்று ஓவனில் விரிந்து வெட்டிய வடிவம் கெட்டுவிடும். பேக்கிங் பவுடர் சேர்க்காததும் அதனால்தான். 6 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். நம் ஊர் வெக்கையில் ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்டால் நட்சத்திரம் வட்டமாகத்தான் வெளியே வரும். 7 செ.மீ. அச்சில் சுமார் 30 குக்கீ தேறும். பச்சை மாவைப் பிள்ளைகள் நக்க விடாதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 200 கிராம் சர்க்கரையை 30 ஆகப் பிரித்தால் ஒரு குக்கீக்குள் இருப்பது 7 கிராம்தான். மேற்பரப்பு முழுவதும் ஐசிங் நிரப்பினால் ஒன்றுக்கு 15 கிராம் ஐசிங் பிடிக்கும். அதில் 12 கிராமுக்கு மேல் சர்க்கரை. மொத்தம் 19 கிராம், அதாவது கிட்டத்தட்ட நாலரை டீஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவது குக்கீயில் பாதியைத் தாண்டுவதற்கு முன்பே அது தீர்ந்துபோகிறது. முழுப்பரப்பையும் நிரப்பாமல் ஓரக்கோடும் எழுத்தும் மட்டும் போட்டால் ஐசிங் 3, 4 கிராமோடு நிற்கும். அச்சையும் 4 செ.மீ. ஆக்குங்கள். பார்வைக்கும் அதுதான் அழகு என்பது எங்கள் கட்சி. மாவில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுவிட்டு ‘சுகர் இருப்பவர்களும் சாப்பிடலாம்’ என்று கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். மைதா வேறு இருக்கிறது.

ராயல் ஐசிங் (காய்ந்தால் இறுகும் சர்க்கரைப் பூச்சு) என்றாலே முட்டையின் வெள்ளைக்கரு. அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. சால்மொனெல்லா கிருமி இருந்தால் அப்படியே வயிற்றுக்குள் போகும். 65 வயதைத் தாண்டியவர்களை அது கடுமையாகப் படுத்தும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கிருமி சாகும் என்று நம்ப வேண்டாம். பதப்படுத்திய மெராங் பவுடர் (உலர்ந்த வெள்ளைக்கருப் பொடி) வாங்குங்கள்: ஐசிங் சுகர் 450 கிராமுக்குப் பவுடர் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 5 முதல் 6 மேசைக்கரண்டி. அதுவும் முட்டைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்காது. சைவ வீட்டுக்கு, கொண்டைக்கடலை வெந்த கெட்டித் தண்ணீரில் உப்பில்லாமல் 75 மி.லி. எடுத்து அதே சர்க்கரையோடு அடித்தால் ஐசிங் நன்றாகவே நிற்கும்.

பதம் இரண்டு. கரண்டியைத் தூக்கினால் முனை லேசாகத் தலை சாய்க்க வேண்டும், இது எழுதுவதற்கு. பரப்பை நிரப்புவதற்கு இளக்கமாக: கரண்டியிலிருந்து விழுந்த கோடு 15 எண்ணுவதற்குள் மறைய வேண்டும். தண்ணீரை அரை டீஸ்பூனாகச் சேருங்கள். நீர்த்துவிட்டால் ஓரம் வழியும், காயும்போது நடுவில் பள்ளம் விழும்.

‘அம்மா’ என்று எழுத, ஐசிங் நிரப்பிய பையின் நுனியை ஒரு மி.மீ. மட்டும் வெட்டுங்கள். பென்சில் போலக் குக்கீயைத் தொட்டுக்கொண்டு எழுதினால் கோடு நடுங்கும். நுனியை ஒரு செ.மீ. உயரத்தில் பிடித்து, ஐசிங் நூலாக இறங்க விட்டு, அந்த நூலை வளைத்துக்கொண்டு போக வேண்டும். ‘அ’வின் சுழியில் கையை மெதுவாக்கினால் ஐசிங் குமிந்து சுழி அடைபடும், அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமே தவிர வேகத்தைக் குறைக்கக் கூடாது. ‘ம்’முக்குப் புள்ளியை எழுத்து காய்ந்தபின் வையுங்கள், இல்லையென்றால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக் குமிழியை உடைக்கக் குண்டூசியோ பல்குச்சியோ வேண்டாம். முனை உடைந்து உள்ளே போனால் தெரியாது. எவர்சில்வர் கபாப் கம்பி போதும்.

நிறத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது, அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால். பொட்டலமாகக் கட்டித் தரும் சாயப்பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. நிறத்தின் பெயரும், 14 இலக்க FSSAI உரிம எண்ணும் அச்சிட்ட ஜெல் நிறம் வாங்குங்கள். சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்து அந்த நீரிலேயே ஐசிங் கலந்தால் நல்ல நீலம் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் ஊதாவாக மாறிவிடும் (வேண்டுமென்றே மாற்றினால் இரண்டு நிறம் லாபம்). மஞ்சள்தூள் வெளிச்சத்தில் வெளுக்கும். கருஞ்சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்று ஜெல்லைக் கொட்டினால் கசக்கும். முதல் நாளே கலந்து வைத்தால் தானாகவே அடர்ந்துவிடும்.

மினுக்குப் பொடிதான் மிக மோசம். டப்பாவில் ‘நான் டாக்ஸிக்’ என்று போட்டிருந்தால் அது சாப்பிடக்கூடியது என்று பொருளல்ல. கைவினைக்கான பொடியிலும் அதே வாசகம்தான் இருக்கும். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ரோஸ் கோல்ட் பொடி பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள். பொடியில் இருந்தது செம்பு. அடுத்த ஆண்டு மிசௌரியில் இன்னொரு கேக்கின் பொடியில் ஈயம் கிடைத்தது. சேர்மானப் பட்டியலும் காலாவதித் தேதியும் இல்லாத எதையும் மேலே தூவாதீர்கள். வெள்ளி மணிகள் பல்செட்டுக்கு ஆகாது. உண்மையான பூ வைக்கும் ஆசை இருந்தால், அரளி நஞ்சு. மாலைக்கு வரும் ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கும்.

பூசியதும் ஃபேன் அடியில் வைத்தால் மேல்பரப்பு சீக்கிரம் இறுகி, பளபளப்பு நிற்கும். உள்ளே முழுக்கக் காய 12 மணி நேரம், மழைநாளில் ஒரு முழு நாள். ஏசி அறை இருந்தால் வசதி. அவசரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஒன்றோடொன்று கலக்கும். அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள், செய்தித்தாள் கூடாது. ஈரம் உறிஞ்சச் சிலிக்கா பொட்டலம் போடும் யோசனையையும் விடுங்கள். கண்ணாடி போடாத நேரத்தில் அம்மா அதைச் சர்க்கரைப் பொட்டலம் என்று பிரித்துவிடக்கூடும். மூடிமேல் செய்த தேதியும், உள்ளே முட்டை, பால், மைதா இருப்பதும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். அறை வெப்பத்தில் 10 நாள் தாங்கும்.