தமிழில்தானே பேசினோம் என்கிறீர்களே

இந்த மாதம் எனக்கு வந்த மூன்றாவது ஒலிப்பதிவு இது. ஹெட்போனை மாட்டி ஓடவிட்டால் முதலில் அந்தப் பழகிய எந்திரக் குரல் கேட்கும். இது கவுண்டி ஜெயிலிலிருந்து வரும் அழைப்பு, பதிவு செய்யப்படும், கண்காணிக்கப்படும் என்று சொல்லும். அப்புறம் ஓர் அம்மா: "கண்ணா, சாப்பிட்டியா?" எல்லாத் தமிழ் அம்மாக்களும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் அந்தப் பதிவு என் மேசைக்கே வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், மாமாவோ சித்தப்பாவோ: "ரெக்கார்டு ஆனா ஆகட்டும்பா. தமிழ்ல பேசுனா இவனுங்களுக்கு என்ன தெரியப் போவுது? நடந்ததை முழுசா சொல்லு." பையன் முழுசாகச் சொல்கிறான்.

நான் அமெரிக்காவில் கோர்ட்டுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். விசாரணையில் நின்று வாயால் மொழிபெயர்ப்பது பாதி வேலை. ஜெயில் பதிவுகளைக் கேட்டு வரிக்கு வரி எழுதி ஆங்கிலமாக்கித் தருவது மீதிப் பாதி. (ஃபெடரல் கோர்ட்டுகளின் சான்றிதழ்த் தேர்வு இப்போது ஸ்பானிஷுக்கு மட்டும்தான். தமிழுக்கு அப்படியொன்று கிடையாது. அது வேறு புலம்பல்.) ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதனால் இங்கே வரும் பேச்சுகள் எந்த ஒரு வழக்கிலிருந்தும் எடுத்தவை அல்ல, பல வருடங்கள் கேட்டதைக் கலந்து நானே கட்டியவை.

கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. கவுண்டி ஜெயில் என்பது தண்டனை அனுபவிக்கும் பெரிய சிறை இல்லை. பெரும்பாலான இடங்களில் அதை நடத்துவது அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீனுக்கோ விசாரணைக்கோ காத்திருக்கிறார்கள். உங்கள் பையனின் வழக்கும் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அரசுத் தரப்பு இன்னும் சாட்சியம் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் நீங்கள் போனை எடுத்து, அவனையே அவனுக்கு எதிரான சாட்சியாக உட்காரவைக்கிறீர்கள்.

சரி, "தமிழ்ல பேசுனா புரியாது" என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். இதை எத்தனை தடவை சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை, கேட்பவர்களுக்குத்தான் அலுத்துப்போகிறது.

அழைப்பு நடக்கும்போதே அதிகாரி ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? பதிவு சேமிப்பில் கிடக்கிறது. மூன்று வாரம் கழித்துத் துப்பறிவாளர் அந்தக் கைதி எண்ணைத் தட்டினால் அத்தனை அழைப்பும் வரிசையாக வந்து நிற்கும். அவருக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் நாம் பேசுவது சங்கத்தமிழ் இல்லை. "அந்த மெசேஜ் எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்", "பாஸ்போர்ட்டை மாமா வீட்ல வச்சிருக்கோம்", "டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன்" என்று பேசுகிறோம். அவர் காதில் விழுவது டெலீட், பாஸ்போர்ட், டிக்கெட். அந்த மூன்று சொல் போதும். மறுநாள் காலை என்னைப் போன்ற ஒருவருக்கு மின்னஞ்சல் போகிறது. நான் இல்லையென்றால் இன்னொருவர். இந்த நாட்டில் தமிழ் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

அதைவிட மோசம், நம் பேச்சுத் தமிழ் காகிதத்தில் ஆங்கிலமாக ஏறும்போது படும் பாடு. "அவனை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார் அப்பா. பையனின் ரூம்மேட்டைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்கிறாரா, மிரட்டுகிறாரா? "அப்பவே அடிச்சுட்டேன்" என்றால் போன் அடித்தானா, டைப் அடித்தானா, ஆளை அடித்தானா? "கொன்னுடுவேன்" என்று நாம் சோறு சாப்பிடாத குழந்தையிடம்கூடச் சொல்கிறோம். போதாக்குறைக்குத் தமிழில் எழுவாயே இல்லாமல் பக்கம் பக்கமாகப் பேசலாம். "எடுத்துட்டு வந்தாச்சு." யார் எடுத்தது? எங்கிருந்து? ஆங்கிலத்தில் யாரையாவது நிறுத்தியாக வேண்டும். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்புப் போட்டு இரண்டு பொருளையும் எழுதுவார். அந்த அடிக்குறிப்பை ஜூரி எவ்வளவு தூரம் மனதில் வைத்திருப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். "உங்கள் அம்மா அன்பாகத்தான் சொன்னார்" என்று குறிப்பு எழுத எனக்கு அதிகாரமும் இல்லை.

"போலீஸ் பிடித்ததும் பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று வாசித்துச் சொன்னார்களே, அது இதற்குப் பொருந்தாதா?" என்று ஒரு பொறியாளர் என்னிடம் கேட்டார். பொருந்தாது. அது போலீஸ் கேள்வி கேட்கும்போது. அம்மாவிடம் வலியப் போய் நீங்களே சொன்னதற்கு அந்தக் கேடயம் இல்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டுதான். ஆனால் பதிவாகிறது என்று எந்திரம் சொன்ன பிறகும் இரண்டு பேரும் பேசினால் கோர்ட்டில் அது பெரும்பாலும் நிற்காது. நேரில் போனால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் தொங்கும் ரிசீவரும் பல ஜெயில்களில் பதிவாகிறது. வீடியோ சந்திப்பும் அப்படித்தான். நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டி ஜெயிலில் அண்ணன் தம்பி பேசியதை ரகசியமாகப் பதிவுசெய்த வழக்கொன்று 1962-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுக்கும் காருக்கும் ஹோட்டல் அறைக்கும் உள்ள அந்தரங்கம் ஜெயிலுக்குக் கிடையாது என்று அப்போதே எழுதிவிட்டார்கள்.

பதிவாகாத பேச்சு வக்கீலோடு பேசுவது மட்டும்தான். அதற்கும் வக்கீலின் எண்ணை ஜெயிலில் முறையாகப் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் உங்கள் போனில் கான்ஃபரன்ஸ் போட்டு வக்கீலைச் சேர்த்தால் அது வக்கீல் அழைப்பு ஆகாது. ஜெயில் போனில் மூன்றாவது ஆளைச் சேர்ப்பதே விதிமீறல். கண்டுபிடித்தால் லைன் அறுந்துவிடும், பையனின் போன் சலுகையும் போகலாம். மதுரையிலிருந்து பாட்டி பேச ஆசைப்படுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். அதேபோல் வக்கீல் பையனைப் பார்க்கப் போகும்போது ஆங்கிலம் தெரிந்த மாமாவை மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள். உறவுக்காரர் நடுவில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சின் ரகசியப் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீலிடம் கேளுங்கள். என் தொழிலுக்கு ஆள்பிடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது குடும்பச் சண்டை வழக்குகள். நம்மவர்களில் எனக்கு அதிகம் வருவது இதுதான். மனைவி 911-ஐ அழைக்கிறார், போலீஸ் வந்து கணவனைக் கூட்டிப்போகிறது, நீதிபதி தொடர்பு கொள்ளக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். மறுநாளே ஊரிலிருந்து மாமியார் மருமகளுக்கு போன்: "கேஸை வாபஸ் வாங்கும்மா, அவன் விசா போயிடும்." இங்கே வழக்குத் தொடுப்பது மனைவி இல்லை, மாநிலம். அவரே நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது. அந்த உத்தரவு இருக்கும்போது மனைவியே மனசு மாறி ஜெயிலுக்குப் பார்க்கப் போனாலும் மாட்டிக்கொள்வது கணவன்தான். அவன் அப்பா மூலம் தகவல் சொல்லி அனுப்பினாலும் அது தொடர்புதான். "நீ கோர்ட்டுக்குப் போகாதேன்னு அவகிட்ட சொல்லுங்கப்பா" என்று ஜெயில் போனில் சொன்ன ஒரே வரி, சாட்சியைக் கலைத்ததாகப் புதுக் குற்றச்சாட்டாக முளைக்கும். விசா போய்விடும் என்று பயந்துதானே இதையெல்லாம் செய்கிறீர்கள்? இப்படிப்பட்ட பாதுகாப்பு உத்தரவை மீறியதாகக் கோர்ட் முடிவு செய்தால், குடியேற்றச் சட்டத்தில் அதுவே நாடுகடத்தத் தனிக் காரணம். கிரீன் கார்டு இருந்தாலும் பொருந்தும்.

சரி, பார்க்கப் போவது எப்படி என்று கேட்பீர்கள். ஊரில் மனு போட்டுப் பார்த்துப் பழகிய பெரியவர்கள், இங்கேயும் வாசலில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் விடமாட்டார்கள். முன்பதிவு வேண்டும், சில இடங்களில் கைதியே உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். முதலில் ஆள் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். உதாரணமாக, கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டியில் மெயின் ஜெயில் சான் ஹோசேயில், எல்ம்வுட் என்ற இன்னொரு ஜெயில் மில்பிடாஸில்.

தேடும்போது நம் பெயர் ஒரு தலைவலி. ஷெரிஃப் இணையதளத்தில் செந்தில் என்று தட்டினால் ஆளே இல்லை என்று வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் அவர் பதிவேட்டில் முருகேசன். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருந்தால் அந்த மூன்று எழுத்துமே அவர் பெயராகியிருக்கலாம். ஒரு குடும்பம் இரண்டு நாள் ஆளைக் காணோம் என்று மருத்துவமனைகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தது, அவரோ அப்பா பெயரில் பத்து மைல் தள்ளி ஜெயிலில் இருந்தார். பிறந்த தேதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததும், ஜெயிலில் சேர்த்தபோது கொடுத்த புக்கிங் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், இனி எல்லாவற்றுக்கும் அதுதான்.

அடையாளத்துக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், நகல் செல்லாது. போன் காரிலேயே இருக்கட்டும். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை, இடுப்பு தெரியும் சேலை இவற்றுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சுடிதார் போட்டுப் போங்கள். கைதிகளின் சீருடை நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். இட்லி, திருநீறு, கோயில் கயிறு எதுவும் உள்ளே போகாது. ஓர் அம்மா திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய், அந்தச் சாம்பல் நிறத் தூள் என்ன என்று அதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பையனே உள்ளே எழுதிக் கேட்க வேண்டும். மத உணவுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் கொண்டு கொடுக்க முடியாது. ஜெயிலின் மருத்துவப் பிரிவுக்கு போன் செய்து மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். இதை அன்றைக்கே செய்யுங்கள்.

பார்க்கப் போகிறவரின் பெயரையும் கணினியில் தட்டிப் பார்ப்பார்கள். விசா காலாவதியானவர், பழைய வாரண்ட் உள்ளவர் வீட்டிலேயே இருக்கட்டும். சில கவுண்டிகளின் ஷெரிஃப்கள் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறார்கள். அடைக்கலம் கோரியிருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொன்று: கைதானவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம், அந்த உரிமை 1963 வியன்னா ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதற்கே தகவல் போவது அவருக்கு நல்லதா என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜாமீன் பணத்தைக் கட்டுவதற்கு முன்னாலும் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். குடியேற்றத் துறை ஆளைப் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தால், நீங்கள் பணம் கட்டியதும் அவர் வீட்டுக்கு வராமல் அவர்கள் கைக்குப் போகலாம். உங்களுக்காக ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்கும் ஏஜெண்டின் கமிஷன் பொதுவாகத் தொகையில் 10 சதவீதம், அது திரும்ப வராது. "ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் மோசடி, வைத்துவிடுங்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் என்னதான் பேசுவது என்று ஒரு தாத்தா என்னிடம் கோபப்பட்டார். பேச எவ்வளவோ இருக்கிறது ஐயா. தூங்கினானா, குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா, கமிசரி என்ற ஜெயில் கடைக் கணக்கில் பணம் ஏறியதா, தங்கச்சி பரீட்சை எப்படி எழுதினாள். வழக்கு என்ற சொல்லை நீங்களும் எடுக்காதீர்கள், அவன் எடுத்தாலும் "அதை வக்கீல்கிட்ட சொல்லு" என்று வாயை அடைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வான். பரவாயில்லை.

கடைசி நிமிடத்தில் கவனம் வேண்டும். இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று எந்திரக் குரல் குறுக்கே வரும். அதுவரை ஜாக்கிரதையாகப் பேசியவர்களும் அப்போதுதான் பதறிப்போய்க் கொட்டுகிறார்கள். அந்த நிமிடத்துக்கென்று ஒரு வரியை முன்னாலேயே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வக்கீல் நாளைக்கு வர்றார், நீ வயிறாரச் சாப்பிடு" என்று எழுதினால் போதும்.