உரமூட்டையை முடிவு செய்வது யார்?

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து விவசாயிகளிடம் பயிர் பற்றிப் பேசப் போவதுண்டு. பேச்சு அரசியல் பக்கம் திரும்பினால் யாராவது தடுத்துவிடுவார்: "அதெல்லாம் நமக்கு என்னத்துக்கு சார், வயலப் பத்திச் சொல்லுங்க." அண்ணாச்சி, நான் சொல்ல வருவதும் வயலைப் பற்றித்தான்.

ஏழை நாடு ஏன் முன்னேறவில்லை என்று கேட்டால் மண் சரியில்லை, மழை இல்லை, ஜனத்தொகை அதிகம் என்பார்கள். மண்ணும் மழையும் படித்த மக்களும் இருந்த இலங்கை மூன்றே வருடத்தில் சரிந்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். நம் ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கொழும்புக்குக் கடை வைக்கப் போயிருக்கின்றன. அது நமக்கு அந்நிய தேசம் இல்லை.

பத்து வருடத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்பது அங்கே 2019 அதிபர் தேர்தலில் தந்த வாக்குறுதி. வென்ற கையோடு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரசாங்க வருமானம் விழுந்தது. கொரோனாவில் சுற்றுலாவும் படுக்க, டாலர் கையிருப்பு வற்றியது. 2021 ஏப்ரல் கடைசியில் ரசாயன உர இறக்குமதிக்கே தடை போட்டார்கள்.

இதன் விபரீதம் புரிய நம்ம அம்பை 16 நெல்லை நினைத்துப் பாருங்கள். 110, 115 நாள் பயிர். நட்டு மூன்று வாரத்தில் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விடும். அந்த நேரத்தில் தழைச்சத்து கிடைக்காவிட்டால் தூர் குறையும், தூர் குறைந்தால் கதிர் குறையும். பிறகு எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் விட்டது விட்டதுதான். தொழுவுரமும் பசுந்தாள் உரமும் மண்ணைத் தேற்றும். தக்கைப்பூண்டு விதையுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவன் நான். ஆனால் அதற்குச் சில வருடங்கள் வேண்டும், மாடு வேண்டும், முதலில் பாதி வயலில் செய்து பார்க்க அவகாசம் வேண்டும். அங்குள்ள விஞ்ஞானிகளும் எச்சரித்தார்கள். 2020 அக்டோபரில் வந்த 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதிகாரத்தை அதிபரிடம் குவித்திருந்தது, அவரை நிறுத்திக் கேட்க ஆளில்லை. 2021 நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது, அங்கே பெரிய சாகுபடிப் பருவமான பெரும்போகத்துக்கு விதைப்பு தொடங்கிவிட்டது. விளைச்சல் படுத்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது பரம ஏழை. மறு வருடமே வைரம் கண்டுபிடித்தார்கள். முதல் அதிபர் செரெட்சே காமா, தன் சொந்தக் குலத்தார் நிலத்தில் கிடைத்ததையும் சேர்த்து, கனிமம் முழுக்க நாட்டுக்கே சொந்தம் என்று சட்டமாக்கினார். அந்தப் பணம் பள்ளிக்கூடமாகவும் சாலையாகவும் மாறியது. வைரம் கிடைத்த சியரா லியோனிலோ 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். இரண்டு இடத்திலும் கல் ஒன்றுதான். அதை யார் கையாண்டார்கள், யாருக்குக் கணக்குச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கணக்குக் கேட்க ஆளில்லாத நிலைமையை நாமும் அனுபவித்திருக்கிறோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போனது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தபோதும், மாவட்டம் பிரிந்ததைக் காரணம் காட்டித் திருநெல்வேலியையும் தென்காசியையும் விட்டுவிட்டார்கள். நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருடம் தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை, தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? ஒரு ஒன்றியத்து ஊர்களையெல்லாம் சுமக்கும் அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அதனால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போங்கள். தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளை நீட்டினால் போடாதீர்கள்.